தெளிந்த நீரும் கரைந்த உப்பும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் புதுவெள்ளம் வரும்பொழுது நீர் செந்நிறமாகக் கலங்கியிருப்பதைப் பூந்தமல்லி வட்டாரத்தார் அறிவர். அந்நீரைக் குடத்தில் முகந்து வைத்தால் மணல் உடனே அடியில் தங்கிவிடும்; வண்டல் சில மணி நேரத்தில் படியும். நுண்ணிய களிமண் மட்டும் நாட்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். இதற்குக் காரணம் என்ன?

கலங்கல் நீர் ஒரு கலவை. கலவையில் சேர்ந்த பொருள்கள் தம் இயல்பை இழப்பதில்லை. மண் மண்ணாகவும் நீர் நீராகவுமே இருக்கின்றன. ஆகவே பருமன், எடை முதலிய பௌதிகக் குணங்களைக் கொண்டே அவற்றைப் பிரித்துவிடலாம். ஆனால் களிமண் துகள்கள் மிகச் சிறியவை. அன்றியும், அவை யாவும் எதிர் மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்றுசேர்ந்து கனத்து இறங்க முடிவதில்லை. நம் பெண்டிர் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீர் ஊற்றி வைப்பது இத்தடையை நீக்குவதற்கே. கொட்டையிலுள்ள பொருள்கள் துகள்களைப் பிணைத்துத் திரளாக்குகின்றன. படிகாரமும் மின்னூட்டத்தைத் தணித்து அதே வேலையைச் செய்கிறது. செம்பரம்பாக்கத்தில் 2007-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற, நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையத்திலும் திரளச் செய்து, படிய விட்டு, வடித்தெடுப்பதே முறை. பாட்டிமார் குடத்துக்கும் அதற்கும் அளவில்தான் பெரிய வேற்றுமை!

கரைசலோ வேறு வகையான கலவை. நீரில் கரைந்த உப்பு எத்தனை நாள் வைத்தாலும் படியாது, துணியிலும் மணலிலும் தங்காது, கண்ணுக்கும் புலப்படாது. தேற்றாங்கொட்டைக்கும் அது கட்டுப்படாது. காய்ச்சினால் கிருமிகள் மடியும். உப்பின் செறிவோ நீர் வற்ற வற்ற மிகும். ஆகவே, தொழிற்சாலைகளும் வீடுகளும் நெருங்கிவிட்ட அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சுற்றுப்புறங்களில், கிணற்று நீர் தெளிவாயிருக்கிறது என்பது மட்டும் கொண்டு அதைக் குடிநீருக்கு ஏற்றதெனப் பஞ்சாயத்தார் தீர்மானித்துவிடலாகாது.

லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைபொருள் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். ஒரு லிட்டர் நீரைத் தூய பாத்திரத்தில் முற்றும் வற்றக் காய்ச்சினால் எஞ்சும் வெண்படிவமே கரைபொருளுக்குச் சாட்சி. எனினும் அதில் சாதாரண உப்பு எவ்வளவு, ஈயமோ நைட்ரேட்டோ உண்டா என்பதைப் படிவத்தின் தோற்றம் காட்டாது. அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தையே நாட வேண்டும். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்ட பின், அதே நீரால் பலமுறை அலம்பிய புட்டியில் நீரைப் பிடித்து, கிணறு இருக்குமிடமும் தேதியும் குறித்து அனுப்புதல் நன்று. கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடத்தார் தரும் புட்டியையே, அலம்பாமல் பயன்படுத்த வேண்டும். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்தால் வேற்றுமை விளங்கும்.