மேட்டு நிலம் என்றால் போதுமா? பள்ளி இடம் மாறும் முன் செய்ய வேண்டிய ஆய்வு

புயல்காற்றில் பள்ளியின் கூரை பறந்தது, வெள்ளத்தில் வகுப்பறைகள் மூழ்கின என்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் குரல் ஒன்றுதான்: "பள்ளியை மேட்டுக்கு மாற்றுங்கள்!" அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. 2014 டிசம்பரில் கிளந்தானையும், 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களையும் புரட்டிப் போட்ட வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளந்தானில் துயர் துடைப்பு மையங்களாகத் திறக்கப்பட்ட பள்ளிகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது.

ஆனால், எந்த மேடு என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே அடிக்கல் நாட்டு விழாவுக்குத் தேதி குறித்துவிடுவதுதான் வேதனை. நிலம் கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கு, யாராவது ஓர் ஏக்கர் தருகிறேன் என்றாலே போதும், மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வெள்ளத்தில் நனைந்த பள்ளியைக் கழுவித் துடைத்து இரண்டு வாரத்தில் திறந்துவிடலாம். சரிந்த மலையின் அடியில் சிக்கிய பள்ளியை என்ன செய்வது?

சிலாங்கூர் மாநிலம் இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1993 டிசம்பர் 11ஆம் தேதி, உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். பல நாள் பெய்த மழைநீர் பின்னாலிருந்த சரிவில் ஒழுங்காக வடியாமல் மண்ணை ஊற வைத்தது. தடுப்புச் சுவர்களும் தாங்கவில்லை. 2011 மே 21ஆம் தேதி, உலு லங்காட்டில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பின்புறச் சரிவு இடிந்து விழுந்ததில் 16 பேர் இறந்தனர், பெரும்பாலோர் சிறுவர்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலி முகாமில் தூங்கிக் கொண்டிருந்தவர்களில் 31 பேரை மண் மூடியது. பத்தாங் காலி, ரவாங்கிற்கு வடக்கே உள்ள வட்டாரம்.

ரவாங் மண் சொல்லும் கதை

ரவாங் ஈயத்தால் வளர்ந்த ஊர். பழைய ஈய லம்பங்களில் மண்ணைக் கழுவி ஈயத்தை எடுத்துவிட்டு, மிஞ்சிய மணலையும் சேற்றையும் அப்படியே விட்டுப் போனார்கள். பின்னாளில் அதன் மேல் மண் கொட்டி உயர்த்தினால், பார்வைக்கு அருமையான சமதளமாகத் தெரியும். கட்டடத்தின் பாரம் ஏறிய பிறகுதான் அடியில் இருக்கும் சேறு தன் குணத்தைக் காட்டும். ஒரு பக்கம் அமுங்கும், சுவரில் விரிசல் விழும்.

இன்னொன்று சுண்ணாம்புக்கல். ரவாங்கில் சிமெண்டு ஆலை அமைந்தது சும்மா அல்ல. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் மெல்ல மெல்லக் கரைக்கும். தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் ஏறிச் செல்லும் பத்துமலைக் குகையைக் குடைந்ததும் அதே நீர்தான். மலையில் இருந்தால் குகை என்று வணங்குகிறோம். நிலத்துக்கு அடியில் இருந்தால், ஒரு நாள் தரை திடீரென்று உள்வாங்கக் கூடும். ஆகவே, நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் துளையிட்டுப் பார்ப்பது போதாது. கட்டடம் வரும் இடமெங்கும் துளையிட்டு மண்ணையும் பாறையையும் சோதிக்க வேண்டும்.

உயர்ந்த நிலத்தைத் தேடிப் போனால் காடும் எதிரே வந்து நிற்கும். கஞ்சிங் வனப்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் 'கியாம் கஞ்சிங்' என்ற மரம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2017 நவம்பரில் திறக்கப்பட்ட ரவாங் புறவழிச்சாலை, அந்த வனப்பகுதிக்குப் பாதிப்பைக் குறைப்பதற்காக உயரமான தூண்கள் மேல் கட்டப்பட்டது. சில தூண்கள் சுமார் 58 மீட்டர் உயரம். சுற்றுச்சூழலைப் பார்த்தால் வேலையே நடக்காது என்பவர்கள் அந்தச் சாலையில்தான் இன்று ஓட்டிப் போகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவு, குறிப்பிட்ட சில திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்கிறது. எவை என்ற பட்டியல் 1987இல் வந்தது. 2015இல் புதிய பட்டியல் அதன் இடத்தைப் பிடித்தது. பள்ளிக்கூடம் என்பதற்காக மட்டும் ஒரு கட்டடம் அந்தப் பட்டியலில் வராது. செங்குத்தான சரிவில் நிலத்தைத் திருத்துவது போன்ற காரணங்கள் இருந்தால்தான் வரும். அதாவது, நான்கைந்து ஏக்கரில் கட்டப்படும் பள்ளி பெரும்பாலும் இந்தச் சல்லடையில் சிக்காது.

அப்படியானால் யார் பார்ப்பது? 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஊராட்சி மன்றம் வழங்கும் திட்டமிடல் அனுமதிதான் வாசல். ரவாங்கிற்கு அது செலாயாங் நகராண்மைக் கழகம். சரிவைப் பொறுத்து நிலம் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்படுகிறது: 15 பாகை வரை முதல் வகுப்பு, 25 வரை இரண்டாவது, 35 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. வகுப்பு ஏற ஏற, கேட்கப்படும் புவியியல் அறிக்கைகளும் கூடும். பள்ளி வாரியத்தினர் நிலப் பட்டாவைக் கேட்பதற்கு முன் இந்த வகுப்பைக் கேட்பது நல்லது.

வடிகால் விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல். மரம் நின்ற மேட்டைச் சமப்படுத்தி, தார் போட்டு, சிமெண்டு பூசினால், முன்பு மண்ணுக்குள் இறங்கிய மழை அத்தனையும் கீழே ஓடும். நம் பிள்ளைகள் தப்பித்தார்கள். கீழே உள்ள தாமான்காரர்கள் வீட்டில் தண்ணீர்! வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மழைநீர் மேலாண்மைக் கையேடு, 2001 முதல் வலியுறுத்துவது இதைத்தான்: ஓடும் நீரை அந்த நிலத்திலேயே தேக்கி, மெதுவாக வெளியே விட வேண்டும். நீர்த்தேக்கக் குட்டைக்கு இடம் ஒதுக்கினால் திடலின் ஒரு பகுதி போய்விடும். அதையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

2005 ஆகஸ்டு 29ஆம் தேதி கேட்ரீனா சூறாவளி அமெரிக்காவின் மிசிசிப்பி, லூசியானா கரையோரப் பள்ளிகளைச் சிதைத்தது. மறுசீரமைப்புக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமென்றால், ஃபேமா எனும் பேரிடர் நிர்வாக அமைப்பு ஒரே இடத்தைக் காட்டி ஒப்புதல் தருவதில்லை. எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும், பழைய இடத்திலேயே கட்டினால் என்ன, வேறு இடம் போனால் என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேறு வழி இருக்கும்போது வெள்ளச் சமவெளியில் கட்டக்கூடாது என்பது 1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பிறப்பித்த ஆணை. சதுப்பு நிலத்துக்கும் அதே போன்ற ஆணை உண்டு. பொதுமக்களுக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டும். இதில் படிக்க வேண்டியது அந்த ஒப்பீடுதான். நம்மிடம் ஒரு நிலத்தைக் காட்டி, 'சரியா?' என்று கேட்கிறார்கள். இரண்டு மூன்று நிலங்களைக் காட்டி, 'எது சரி?' என்று கேட்டால்தான் அது ஆய்வு.

அறிக்கை எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்றால், இலங்கையின் கொஸ்லந்தை பதில் சொல்லும். அங்குள்ள மீரியபெத்த தோட்டம் ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தோட்டத் தமிழர்கள் லயங்களிலேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்தது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்தனர். வீடு திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. தப்பியவர்களுக்கு வட்டாரப் பள்ளிகளே முகாம்களாயின. மாற்று வீடுகள் கைக்கு வந்தது 2016இல்.

ரவாங்கிலும் அறிக்கைகள் அலமாரிக்குள் போகும் அபாயம் உண்டு. 2015ஆம் ஆண்டுப் பட்டியலின் இரண்டாம் அட்டவணையில் வரும் பெருந்திட்டங்களின் அறிக்கைகள்தாம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். சிறிய பள்ளியின் மண் அறிக்கையை யாரும் கொண்டுவந்து காட்ட மாட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமே எழுத்து மூலம் கேட்டு வாங்கி, ஆண்டுக் கூட்டத்தில் விளக்கச் சொல்ல வேண்டும். அதே கூட்டத்தில் பேருந்துக் கட்டணத்தையும் பேசிவிடலாம். நடந்து வந்த பிள்ளைகள் பேருந்தில் வர வேண்டியிருந்தால், அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்வார்கள் என்பதும் ஆய்வில் சேர வேண்டிய கணக்குதான்.

பழைய வளாகத்தையும் மறந்துவிடக் கூடாது. முன்னாளில் கட்டிய பல கட்டடங்களுக்குக் கல்நார் தகட்டுக் கூரை போடுவது வழக்கமாக இருந்தது. காற்றில் உடைந்த அந்தத் தகடுகளின் தூசு நுரையீரலுக்குக் கேடு. கல்நார்த் தூசும் நாரும் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவு. கோத்தோங் ரோயோங் என்று ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூட்டி, வெறும் கையால் அள்ளிக் கொட்டும் பொருள் அல்ல அது. உரிமம் பெற்றவர்கள் வந்து அகற்றும் வரை அந்த வளாகத்தின் வாசலைப் பூட்டியே வைக்க வேண்டும்.