உடலியங்கியல்சார் உறிஞ்சல் மாதிரியாக்கம்

உடலியங்கியல்சார் உறிஞ்சல் மாதிரியாக்கம் என்பது, வாய்வழி உட்கொள்ளும் மருந்து குடலில் எவ்வளவு கரையும், எப்பகுதியில் உறிஞ்சப்படும், எவ்வளவு இரத்தத்தைச் சென்றடையும் என்பவற்றைக் கணினியில் கணித்தறியும் முறை ஆகும். ஒரு மருந்தை எந்த வடிவில் தயாரிப்பது என்று முடிவெடுக்க இது உதவுகிறது.

விழுங்கிய மாத்திரை அப்படியே இரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. மருந்து முதலில் கரைய வேண்டும். பின் குடற்சுவரை ஊடுருவ வேண்டும். அதன்பின் கல்லீரலின் சிதைப்புக்குத் தப்ப வேண்டும். சிறுகுடலைக் கடக்க ஏறத்தாழ 3 முதல் 4 மணி நேரமே ஆகும். பெரும்பாலான மருந்துகளின் உறிஞ்சல் அதற்குள் நடந்தாக வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 1 மி.லி. நீரில் 0.01 மி.கி. மட்டுமே கரையும் மருந்து ஒன்றை 100 மி.கி. அளவில் கொடுப்பதாகக் கொள்வோம். 250 மி.லி. கொள்ளும் ஒரு குவளை நீரில் 2.5 மி.கி. தான் கரையும். முழுவதும் கரைய 40 குவளை நீர் வேண்டும். குடலில் அவ்வளவு நீர் ஏது? ஆயினும் அம்மருந்து பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. கரைந்த பகுதி குடற்சுவர் வழியே வெளியேற வெளியேற, எஞ்சியது கரைய இடம் கிடைக்கிறது. பித்த உப்புகளும் துணை செய்கின்றன. ஒரே நேரத்தில் நிகழும் இம்மாற்றங்களைக் கையால் கணக்கிடுவது கடினம்.

மாதிரியின் அமைப்பு

1990களில் லாரன்ஸ் யூ, கார்டன் அமிடான் ஆகியோர் சிறுகுடலை அடுத்தடுத்த 7 அறைகளாகக் கருதும் மாதிரியை உருவாக்கினர். பின்வந்த மாதிரிகள் அதை மேலும் விரிவாக்கின. ஒவ்வோர் அறைக்கும் நீரின் அளவு, பி.எச். மதிப்பு, பித்த உப்பின் செறிவு, மருந்து தங்கும் நேரம் ஆகியவை தரப்படுகின்றன. வெறும் வயிற்றில் இரைப்பையின் பி.எச். பொதுவாக 1 முதல் 2 வரையும், சிறுகுடலில் ஏறத்தாழ 6 முதல் 7 வரையும் இருக்கும். கேஸ்ட்ரோபிளஸ், சிம்சிப் ஆகியவை இதற்கான வணிக மென்பொருள்கள், பி.கே.-சிம் திறமூல மென்பொருள்.

மருந்து வடிவமைப்பில் பயன்

தடை எங்கே இருக்கிறது என்பதே முதன்மையான கேள்வி. துகளின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் மொத்த மேற்பரப்பு 10 மடங்காகிறது; மருந்து விரைவாகக் கரைகிறது. கரையும் வேகம் தடையாக இருந்தால் இதனால் பலன் உண்டு. குடற்சுவரை ஊடுருவ இயலாமையே தடை என்றால், எவ்வளவு நுண்ணியதாக அரைத்தாலும் வீண்செலவுதான். மாதிரியில் துகளளவை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்து இதை முன்கூட்டியே ஓரளவு அறியலாம்.

புற்றுநோய் வேதிச்சிகிச்சையால் வரும் குமட்டலையும் வாந்தியையும் தடுக்கும் அப்ரெபிடன்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரில் மிகக் குறைவாகவே கரையும் இம்மருந்து, மைக்ரோ துகள் வடிவில் உணவுடன் உட்கொண்டால்தான் நன்கு உறிஞ்சப்பட்டது. குமட்டலால் அவதிப்படுபவரிடம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மருந்து உட்கொள்ளச் சொல்வது எப்படி? எனவே நானோ துகள் வடிவம் உருவாக்கப்பட்டு, 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதை உணவின்றியும் உட்கொள்ளலாம். செயற்கைக் குடல்நீரில் அளந்த கரைதல் தரவுகளைக் கொண்டு இவ்விரு வடிவங்களின் உறிஞ்சலையும் மாதிரி வழியே கணிக்கும் ஆய்வு 2010இல் வெளியானது.

உள்ளிடும் தரவு பிழையானால் விடையும் பிழையாகும். குறிப்பாக, இரைப்பையின் அமிலத்தில் கரைந்த வலுக்குறைந்த காரத்தன்மை மருந்துகள் சிறுகுடலில் மீண்டும் வீழ்படிவாகலாம். அது எவ்வளவு விரைவில் நிகழும் என்பதைக் கணிப்பது இன்றும் கடினமாகவே உள்ளது.