அப்பாவோட மாவு மில்லுக்கு சோலார்: உங்க பேர்ல பர்சனல் லோன் போடலாமா?



கரையாம்புத்தூர்ல உங்க அப்பா ஒரு மாவு மில் நடத்துறார்னு வெச்சுக்குவோம். நீங்க புதுச்சேரியில மாசச் சம்பளத்துக்கு வேலை பாக்குறீங்க. சோலார் ஏஜென்ட் ஒருத்தர் மில்லுக்கு வந்து, "5 கிலோவாட் போடுங்க, 3 லட்சம்தான் ஆகும், கரண்ட் பில்லே வராது. பையனுக்குத்தான் சம்பளம் வருதே, லோன் ஈஸியா கிடைக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அப்பா உங்களுக்குப் போன் பண்றார். என்ன சொல்லுவீங்க?

சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், சந்தேகமே இல்ல. ஆனா கட்டப்போறது உங்க ஈஎம்ஐ. அதனால கணக்குப் போட்டுப் பாத்துடலாம்.

5 எச்பி மோட்டார், ஒரு நாளைக்கு 4 மணி நேரம் ஓடுது. சுமார் 17 யூனிட். மாசம் 25 நாள்னா ஏறக்குறைய 420 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சா (சரியான ரேட் உங்க பில்லுலயே இருக்கும்) மாசம் 2,940 ரூபாய். 3 லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு 5 வருஷ பர்சனல் லோனா எடுத்தா ஈஎம்ஐ சுமார் 6,980. அதாவது மில் மிச்சம் பிடிக்கிற காசு போக, மாசம் 4,000 ரூபாய் உங்க சம்பளத்துலேர்ந்து போகும். அஞ்சு வருஷத்துல வட்டி மட்டும் 1 லட்சத்து 19 ஆயிரம் கிட்ட.

இன்னொரு விஷயம். 1 கிலோவாட் நம்ம ஊர் வெயிலுக்கு சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 5 கிலோவாட்டுன்னா மாசம் 600. உங்களுக்கு வேண்டியது 420. மிச்சம் கிரிட்டுக்குப் போகும். நீங்க வாங்குற விலையே அதுக்கும் கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க. 3 கிலோவாட் போதும். 360 யூனிட் வரும், மொத்தமும் மில்லுக்கே செலவாகும். கிலோவாட்டுக்கு அதே 60,000 ரூபாய் விலையில 1.8 லட்சம் முதலீடு, மாசம் 2,520 ரூபாய் மிச்சம். ஆறு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்.

"78,000 ரூபாய் மானியம் இருக்கே?" இருக்கு, 2024-ல வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல. ஆனா அது வீடுகளுக்கு மட்டும். வீட்டு மீட்டர்ல சோலார் போட்டு மில்லுக்கு வயர் இழுத்துடலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா கேக்காதீங்க. வீட்டு இணைப்புல தொழில் ஓட்டினா மின்துறை அபராதம் போடும்.

ஏஜென்ட் கட்டாயம் சொல்ற அடுத்த வசனம், "40 சதவீதம் தேய்மானம், டாக்ஸ் மிச்சம்." சட்டப்படி உண்மைதான். ஆனா சின்னக் கடைக்காரங்க பலர் உத்தேச வருமான முறையில (பழைய சட்டத்துல 44ஏடி) கணக்குக் காட்டுவாங்க. அதுல தேய்மானத்தைத் தனியா கழிக்க முடியாது. அதுவும் போக, புது வரி முறையில 12 லட்சம் வரை வரியே இல்லாதப்போ அப்பா எதை மிச்சம் பிடிப்பார்?

சோலாருக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, அதை யாரும் விற்க வர்றதில்ல. அந்த மோட்டார் எத்தனை தடவை காயில் கட்டினது? சரியா கட்டாத ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கூடுதலா கரண்ட் குடிக்கும். பெல்ட் தளர்ந்து வழுக்குதா? கல்லு தேஞ்சு அரைக்க நேரம் ஆகுதா? இதையெல்லாம் சரி பண்ணி 10 சதவீதம் குறைஞ்சாலே மாசம் 42 யூனிட், கிட்டத்தட்ட 300 ரூபாய். செலவு சில ஆயிரத்துல முடிஞ்சிடும். (மாவு மில்லுக்கு எல்லாரும் தூக்கும் டப்பாவும் கொண்டுதான் வர்றாங்க. பேக்கிங் குப்பையே இல்லாத வியாபாரம். இந்த விஷயத்துல அப்பா ஏற்கனவே பெரிய கம்பெனிகளுக்கு முன்னாடி இருக்கார்!)

அப்போ சுற்றுச்சூழலை அப்புறம் பாத்துக்கலாமா? அதுக்கு திருப்பூர் கதை தெரிஞ்சிருக்கணும். நொய்யல்ல சாயக்கழிவு போச்சு. 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணையில அது தேங்கி, விவசாயம் கெட்டது. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. திரும்பத் திறக்கணும்னா ஒரு சொட்டுக் கழிவும் வெளிய போகக்கூடாது. வடிகட்டி, ஆர்ஓவுல தண்ணியைப் பிரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பெடுக்கிற முறைக்கு மாறினாங்க. செலவு பெருசு. ஆனா லாரித் தண்ணி விலைக்கு வாங்கின ஊர்ல அதே தண்ணி திரும்ப சாயத்தொட்டிக்கு வந்துச்சு, உப்பும் வந்துச்சு. முன்னாடியே செஞ்சிருந்தா, மூடிக் கிடந்த மாசங்களோட நஷ்டம் இருந்திருக்காது.

நீங்க ஷேர் வாங்குறவரா இருந்தா இது உங்களுக்கும்தான். சந்தை மதிப்புல முதல் 1,000 கம்பெனிகள், பிஆர்எஸ்ஆர்னு ஒரு அறிக்கையை வெளியிடணும்னு செபி 2022-23லேர்ந்து கட்டாயமாக்கியிருக்கு. ஆண்டறிக்கையோட வரும். தண்ணி, கரண்ட், கழிவு எல்லாம் எண்ணிக்கையோட இருக்கும். ஜவுளி, கெமிக்கல் ஷேர் வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் புரட்டிடுங்க.

சரி, மில்லுக்கு வருவோம். கையில் காசு பத்தலைன்னா, அப்பா பேர்ல உத்யம் பதிவு போடுங்க, இலவசம்தான். அப்புறம் பேங்க்ல முத்ரா கடன் கேளுங்க. 50,000-க்கு மேல 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, அடமானம் வேண்டாம். உங்க பர்சனல் லோன் வட்டியோட ஒப்பிட்டுப் பாருங்க. கடன் தொழில் பேர்ல இருந்தா, நாளைக்கு நீங்க வீட்டுக் கடன் கேக்கும்போது உங்க சிபில்ல இந்தச் சுமை இருக்காது (நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடாத வரைக்கும்).

இந்த வாரம் ஊருக்குப் போறப்போ கடைசி 12 மாச கரண்ட் பில்லை எடுத்து வைக்கச் சொல்லுங்க. அது புதுச்சேரி மின்துறை பில்லான்னும் பாருங்க. கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாடு, அங்க ரேட்டும் விதியும் வேற. யூனிட்டைக் கூட்டி 12 ஆல வகுங்க. ஏஜென்ட் கிட்ட அந்த நம்பரைச் சொல்லிட்டு, அதுக்கு மேல ஒரு கிலோவாட்டும் வேணாம்னு சொல்லுங்க. மூணு பேஸ் இணைப்புன்னா மூணு பேஸ் இன்வெர்ட்டரான்னும் கேட்டுக்குங்க.