இயற்கை வசூலிக்கும் வரி!

எரிபொருளே இல்லாமல் ஓடும் யந்திரத்தைத் தாம் கண்டுபிடித்து விட்டதாக யாராவது ஒருவர் சொல்வதும், அதை நம்பி நாலு பேர் பணத்தைப் போடுவதும், பிறகு கையைப் பிசைந்து கொண்டு நிற்பதும் உலகத்தில் வெகு காலமாக நடந்து வரும் சங்கதி. பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகம் இத்தகைய விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிற்று. தானே ஓயாமல் ஓடும் யந்திரம் பற்றிய எந்த மனுவையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று 1775-ல் தீர்மானமே செய்து விட்டது.

தீர்மானம் சரிதான். ஆனால் அது ஏன் சரி என்பதற்கு அன்று முழுமையான விளக்கம் கிடையாது. விளக்கம் வர முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அதன் முதல் அத்தியாயத்தை எழுதியவர் ஒரு பிரெஞ்சு வாலிபர். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் புத்தகத்தை அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் பரிதாபம்!

யுத்த மந்திரியின் மகன்

சாடி கார்னோ 1796-ல் பாரிஸில் பிறந்தார். தந்தை லாசர் கார்னோ, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைகளைத் திரட்டி வெற்றி தேடித் தந்தவர். நெப்போலியனிடம் யுத்த மந்திரியாக இருந்தவர். பாரசீகக் கவி சாஅதியிடம் அவருக்குப் பற்று அதிகம். அந்தப் பெயரையே மகனுக்கு வைத்தார்.

மகன் படித்து ராணுவ இஞ்சினீயர் ஆனார். 1815-ல் நெப்போலியன் வீழ்ந்ததும் தந்தை நாடு கடத்தப்பட்டார். மகனுடைய உத்தியோகமும் முன்னேற்றமின்றி நின்றது. கிடைத்த ஓய்வில் அவர் ஒரு விஷயத்தைச் சிந்தித்தார். இங்கிலாந்தின் பலம் எங்கே இருக்கிறது? சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பதும், ஆலையை ஓட்டுவதும், கப்பலைச் செலுத்துவதும் நீராவி யந்திரம். ஆனால் அன்றைய யந்திரங்களோ நிலக்கரியைத் தின்று தீர்த்தன. எரித்த கரியின் உஷ்ணத்தில் நூற்றில் சில பங்குகள்தான் வேலையாக மாறின, மற்றதெல்லாம் வீண். இந்த வீணை அடியோடு நிறுத்த முடியுமா? அல்லது, எவ்வளவு கெட்டிக்காரனும் தாண்ட முடியாத எல்லை ஒன்று இருக்கிறதா?

1824-ல், தம் இருபத்தெட்டாவது வயதில், நெருப்பின் இயக்க சக்தியைப் பற்றி அவர் வெளியிட்ட 118 பக்கப் புத்தகத்தில் இதற்கு விடை இருந்தது. அருவி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழும்போதுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மேடு பள்ளம் இல்லாத குளத்து நீரால் சக்கரம் சுற்றாது. உஷ்ணமும் அப்படியே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் அது வேலை செய்யும். யந்திரத்தில் நீராவி இருந்தாலும் காற்று இருந்தாலும் ஒன்றுதான். எல்லையை நிர்ணயிப்பவை அந்த இரண்டு இடங்களின் சூட்டு நிலைகளே.

1832-ல் காலரா நோய் பாரிஸைச் சூறையாடியது. கார்னோ அதற்குப் பலியானார். வயது முப்பத்தாறு. தொற்றுக்குப் பயந்து அவருடைய உடைமைகளையும் காகிதங்களையும் பெரும்பாலும் அழித்து விட்டார்கள். 1845-ல் பாரிஸுக்கு வந்த வில்லியம் தாம்ஸன் என்ற இளைஞர் (பிற்காலத்தில் லார்டு கெல்வின் எனப் புகழ் பெற்றவர்) புத்தகக் கடைகளில் ஏறி இறங்கியும் கார்னோவின் நூல் கிடைக்கவில்லை. தம்பி கார்னோ எழுதிய புத்தகந்தான் கடைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது!

கணக்கு நேராகிறது

அதே காலத்தில் இங்கிலாந்தில், மான்செஸ்டரை அடுத்த சால்போர்டில், பீர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர்; அதற்குள் துடுப்புகள்; துடுப்போடு கயிற்றில் கட்டிய எடைக் கற்கள். எடை கீழே இறங்க, துடுப்பு சுழன்று, தண்ணீர் கொஞ்சம் சூடாகும். இத்தனை எடை இத்தனை தூரம் விழுந்தால் இவ்வளவு உஷ்ணம் என்று அவர் அளந்து காட்டினார். 160 அடி விழும் நயாகரா அருவியின் நீர் கீழே வரும்போது பாரன்ஹீட் அளவில் ஐந்தில் ஒரு டிகிரி சூடேறியிருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

இதிலிருந்து முதல் விதி உறுதியாயிற்று. சக்தியை யாராலும் உண்டாக்க முடியாது, அழிக்கவும் முடியாது, உருவந்தான் மாறும். இயற்கையின் வரவு செலவு ஏட்டில் ஒரு காசு கூடாது, குறையாது.

அப்படியானால் ஒரு சந்தேகம் எழும். கடல் நீரில் அடங்கியுள்ள உஷ்ணத்துக்கு அளவே இல்லையே. அதை உறிஞ்சிக் கப்பலை ஓட்டி, குளிர்ந்த நீரைப் பின்னால் விட்டுக் கொண்டே போனால் என்ன? முதல் விதி இதற்குக் குறுக்கே நிற்காது. ஏட்டில் கணக்கும் நேராக இருக்கும். ஆனால் அப்படிக் கப்பல் ஓடாது. குளத்து நீரைப் போல அங்கே மேடு இல்லை, பள்ளமும் இல்லை.

1850-ல் ஜெர்மானியப் பேராசிரியர் ரூடால்ப் கிளாசியஸும், அடுத்த ஆண்டில் தாம்ஸனும் கார்னோவின் கருத்தையும் ஜூலின் கணக்கையும் இணைத்து இரண்டாவது விதியை வகுத்தார்கள். உஷ்ணம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது. மேஜை மீது வைத்த காபி ஆறும். ஆறிய காபி அறையிலிருந்து உஷ்ணத்தைத் திரட்டி மறுபடி கொதிக்குமா? சக்தி எங்கும் போய்விடவில்லை, அறையில்தான் பரவியிருக்கிறது. ஆனால் இனி அதைப் பிடித்து வேலை வாங்க முடியாது. இந்தச் சிதறலை அளக்கும் அளவுக்குத்தான் கிளாசியஸ் 1865-ல் ‘என்ட்ரோபி’ என்று பெயரிட்டார். மொத்தத்தில் அது ஏறுமே தவிர இறங்குவதில்லை.

சீட்டுக்கட்டு சொல்லும் ரகசியம்

ஏன் இந்த ஓரவஞ்சனை? ஆஸ்திரிய விஞ்ஞானி லுட்விக் போல்ட்ஸ்மன் இதற்குக் காரணம் சொன்னார். வரிசையாக அடுக்கிய சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுங்கள். வரிசை ஒரே விதம். கலைந்த விதங்களோ கோடானுகோடி. ஆகவே எத்தனை முறை கலைத்தாலும் பழைய வரிசை திரும்பி வராது. ஐம்பத்திரண்டு சீட்டுக்கே இந்தக் கதி என்றால், ஒரு டம்ளர் காபியிலுள்ள எண்ணற்ற அணுக்களைப் பற்றிக் கேட்பானேன்!

அணுக்கள் இருப்பதையே அன்று சில பெரிய விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ளவில்லை. போல்ட்ஸ்மன் அவர்களோடு வாதாடினார். மனச்சோர்வு நோயாலும் அவதிப்பட்டார். 1906-ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். வியன்னாவில் அவர் கல்லறையின் மேல் அவருடைய என்ட்ரோபிச் சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

வரி எவ்வளவு?

கார்னோவின் எல்லையை இப்போது நாமே கணக்கிடலாம். சென்டிகிரேட் அளவோடு 273-ஐக் கூட்டிக் கொள்ள வேண்டும். அனல் மின்நிலையத்தில் நீராவி 540 டிகிரி, குளிர்விக்கும் இடம் 40 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். 813, 313 என்றாகும். 313-ஐ 813-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 38க்குச் சற்று மேல். இதுதான் இயற்கையின் வரி! குறையே இல்லாத யந்திரமும் இதைக் கட்டித்தான் தீர வேண்டும். உராய்வு முதலிய மற்ற நஷ்டங்களும் சேர்வதால், நிலக்கரி மின்நிலையங்களில் நூற்றுக்கு நாற்பது பங்கு மின்சாரமானாலே பெரிய காரியம். அங்கே வானளாவ நிற்கும் குளிர்விப்புக் கோபுரங்கள் இந்த வரியைச் செலுத்தும் வாசல்களே.

ஆனாலும் வரியைக் குறைக்க வழி உண்டு. சூடான பக்கத்தின் சூட்டை உயர்த்தினால் வரி இறங்கும். கார்னோவின் தத்துவத்தைக் கல்லூரியில் கேட்ட ரூடால்ப் டீசல் அதையே பிடித்துக் கொண்டார். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய யந்திரம் எரிபொருளின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக்கிக் காட்டியது. இன்று வாயு டர்பைனின் கழிவு உஷ்ணத்தைக் கொண்டே நீராவி எழுப்பி மறுபடி வேலை வாங்கும் நிலையங்கள் அறுபது பங்கையும் தாண்டி விட்டன. படிக்கப்படாமல் கிடந்த அந்த 118 பக்கங்கள் மிச்சப்படுத்திய எரிபொருளுக்குக் கணக்கு ஏது?

வீட்டில் பிரிட்ஜ் இருப்பவர்கள் அதன் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிரும் என்று எண்ண வேண்டாம். உள்ளே எடுத்த உஷ்ணத்தோடு மின்சாரச் செலவையும் சேர்த்து அது பின்புறமாக அறைக்குள்ளேயே விடுகிறது. அறை சூடாகத்தான் செய்யும்!

செலவில்லாமல் ஓடும் யந்திரம் என்று யாராவது உங்களிடம் பங்குப் பணம் கேட்டு வந்தால், இரண்டே கேள்விகள் கேளுங்கள். “ஐயா, சக்தி எங்கிருந்து வருகிறது?” இது ஜூலின் கேள்வி. “மிச்ச உஷ்ணம் எந்தக் குளிர்ந்த இடத்துக்குப் போகிறது?” இது கார்னோவின் கேள்வி. இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்கும் வரையில் பணப்பையைத் திறக்காதீர்கள்.