சரக்குப் பெட்டியின் காவலர் யார்?

கப்பலில் வரும் ஒவ்வொரு சரக்குப் பெட்டியையும் திறந்து பார்க்கச் சுங்கத்துறையால் இயலாது. இதனைக் கடத்தல்காரர் நன்கறிவர். ஏற்றுமதியாளர் அறியாமலே பெட்டியைத் திறந்து, கதவருகே போதைப்பொருளை வைத்துப் போலி முத்திரை இடுவர்.

சரக்குப் பட்டியலில் இல்லாத கொக்கெயின் கப்பலில் அகப்பட்டால், அமெரிக்கச் சட்டப்படி அவுன்சுக்கு 1000 டாலர் அபராதம். அந்நாட்டுச் சுங்கத்துறையும் போக்குவரத்து நிறுவனங்களும் 1984 முதல் தாமே முன்வந்து உடன்பாடு செய்துகொண்டன. ஆட்களை ஆராய்ந்து அமர்த்துவது, முத்திரையைச் சரிபார்ப்பது, ஐயம் எழுந்தால் தகவல் தருவது ஆகியவை நிறுவனத்தின் கடமையாக இருந்தன. பயிற்சி அளிப்பது சுங்கத்துறையின் கடமையாக இருந்தது.

சுமை தூக்கும் தொழிலாளியின் மகனாகிய எனக்கு ஒன்று தோன்றுகிறது. முத்திரை மாறியிருப்பதை முதலில் காணக்கூடியவர் பெட்டியருகே நிற்கும் தொழிலாளியே. அவர் சொல்லுக்குச் செவிசாய்க்காவிடில் உடன்பாடு வெறும் தாளே!