வீட்டுப் பாட்டும் தறிச் சத்தமும்

காஞ்சீபுரம் நயினாப் பிள்ளை 1934-ஆம் வருஷம் காலமானார். லயத்தில் அவர் சிங்கம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் குரலை நாம் கேட்டதில்லை. கிராமபோன் தட்டில் பாட அவர் இசையவில்லை. பல்லவியை மணிக்கணக்கில் விஸ்தரித்தவர் மூன்று நிமிஷத் தட்டுக்குள் அடங்க மறுத்ததில் ஆச்சரியமில்லை. ஆயினும் நஷ்டம் நம்முடையது. இளமையில் அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாளின் பாட்டைக் கொண்டு அவர் வழியை ஊகித்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறோம்.

அந்தக் காஞ்சியின் தெற்கெல்லையில், பாலாற்றை அடுத்து இருக்கிறது செவிலிமேடு. அங்கே நெசவாளர் வீட்டில் பாடத் தெரிந்த ஓர் இளைஞன், தன் குரலைப் பதிவு செய்ய இன்று எந்தக் கம்பெனியின் தயவையும் நாட வேண்டியதில்லை. 1967-ல் பீட்டில்ஸ் என்னும் ஆங்கிலக் கோஷ்டியார் ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டை நான்கு தட யந்திரங்களைக் கொண்டே உருவாக்கினார்கள். 1979-ல் டாஸ்காம் கம்பெனியார் நான்கு தடங்களைக் கேஸட்டில் அடக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1989-ல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். மூன்று வருஷங்களில் ‘ரோஜா’ வெளிவந்தது. இன்றோ ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருள் காசில்லாமலே கிடைக்கிறது. ‘ரீப்பர்’ என்பதை 60 நாள் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, சொந்த உபயோகத்துக்கு 60 டாலருக்கு வாங்கலாம்.

பணத் தடை நீங்கிற்று. தறிச் சத்தம் நீங்கவில்லை. ஆடாசிட்டியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி ஒன்று உண்டு. பாட்டில்லாத இடத்தில் இரைச்சலை மட்டும் சிறிது காட்டினால், அதைப் போன்றதை மற்ற இடங்களிலும் தணித்துவிடும். மின்விசிறியைப்போல் ஒரே சீராக ஒலிப்பதற்குத்தான் அது மருந்து. விட்டுவிட்டு விழும் தறியடிக்குப் பலிக்காது. மேலும் மேலும் பிரயோகித்தால், பாடகர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். ஆகையால் தெருவில் தறிகள் ஓய்ந்தபின், இரவில், ஜன்னலுக்குக் கனத்த ஜமக்காளம் கட்டி, விசிறியையும் நிறுத்திவிட்டுப் பாடுவதே உத்தமம். வியர்க்கத்தான் செய்யும்!

பதிவான தடங்களைக் கலக்கும்போது புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். குரல் எடுபடவில்லையென்று குரலை ஏற்றுகிறார்கள், உடனே வயலின் மங்குகிறது, அதையும் ஏற்றுகிறார்கள், பிறகு மிருதங்கம். முடிவில் எல்லாம் உச்சியில் முட்டிக் கரகரக்கிறது. மற்றவற்றைச் சற்று இறக்கினாலே குரல் தானாக மேலே வரும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வை வெட்டிவிடலாம். அதே கத்தியை மிருதங்கத்தின் தொப்பியில் வைத்தால் கும்கி போய்விடும். எதிரொலி மோகம் வேறு. வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் பாடியதுபோல் தோன்றவேண்டுமென்று அதை அள்ளிக் கொட்டுகிறார்கள். கமகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிப்போகின்றன.

சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்துப் பழகியவர்கள் நாம். இந்த வேலையில் அப்பழக்கம் கெடுதல் செய்கிறது. தனியே கேட்டு இனிமையாகத் திருத்திய வயலின், சேர்ந்து ஒலிக்கையில் குரலோடு மோதும். எல்லாத் தடங்களும் ஓடும்போதே திருத்த வேண்டும்; ஹெட்போனில் கேட்டதைச் சாதாரணக் கைப்பேசியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்ட விஷயமாகவும் ஒன்று சொல்லவேண்டும். 1957-ஆம் வருஷத்திய பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் கர்த்தா அதன் தயாரிப்பாளரே; அதாவது முன்னின்று பொறுப்பேற்றுப் பதிவு செய்தவர். வெளியான பின் 60 வருஷம் அவ்வுரிமை நீடிக்கும். தியாகராஜ சுவாமிகள் 1847-ல் சித்தியடைந்தவராதலால் அவர் கீர்த்தனைகளைப் பாட எவரிடமும் அனுமதி பெற வேண்டாம். ஆனால் வாசித்த பக்கவாத்தியக்காரருக்கு 1994-ஆம் வருஷத் திருத்தம் தனி உரிமை தந்திருக்கிறது. நண்பரேயானாலும் அவரிடம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நலம்.

கலப்பதற்கு முந்திய தடங்களை மட்டும் அழித்துவிட வேண்டாம். இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தட்டும். கலவை பிடிக்காவிட்டால் பேரன் வேறு விதமாகக் கலந்துகொள்வான்.