இன்னொரு கை எழுதும் கணக்கு

கோபன்ஹேகனில் ஒருவர் கோடை விடுமுறைக்கு வெளியூர் போகிறார். ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும் வீட்டை ஏர்பிஎன்பி என்ற இணையத் தளம் மூலம் வாடகைக்கு விடுகிறார். விருந்தாளி கட்டிய வாடகை 5,000 குரோன் என்று வைத்துக்கொள்வோம். தளம் நூற்றுக்கு மூன்று வீதம் கமிஷன் பிடித்தால், வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் வந்து விழுவது 4,850. இதில் வரவு எவ்வளவு?

பாஸ்புக்கைப் பார்த்து எழுதுகிறவர் 4,850 என்பார். கணக்கு தெரிந்தவர் ஒப்பமாட்டார். வாடகை வரவு 5,000, கமிஷன் செலவு 150, கைக்கு வந்தது 4,850 என்று மூன்று வரி எழுதுவார். குறுகிய கால வாடகைக் கணக்கின் தலைவலி முழுவதும் இந்த 150 குரோனிலிருந்துதான் கிளம்புகிறது.

தேதியும் இதே பாடுதான். மார்ச்சில் முன்பதிவு, அன்றே பணம் கட்டியாயிற்று. தங்குவது ஜூலையில். வீட்டுக்காரருக்குப் பணம் போவது விருந்தாளி வந்து இறங்கி ஏறக்குறைய ஒரு நாள் கழித்து. டிசம்பர் 30 வந்து ஜனவரி 3 கிளம்புகிறவரின் வாடகை எந்த ஆண்டில் சேரும்? ஒருவர் கடைசி நேரத்தில் ரத்து செய்வார், பாதிப் பணம் திரும்பப் போகும். இரண்டு மூன்று முன்பதிவுகளின் பணம் ஒரே தொகையாக வங்கிக்கு வருவதும் உண்டு. வங்கியில் பதிவான அந்த ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு எது யாருடைய பணம் என்று பிரிக்க யாராலும் முடியாது.

அதனால் இதற்கென்று எழுதப்பட்ட மென்பொருள்கள் வங்கியிலிருந்து தொடங்குவதில்லை. முன்பதிவிலிருந்து தொடங்குகின்றன. ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. அதன் பெயரில் 'தளத்திடமிருந்து வரவேண்டியது' என்று ஓர் இடைக்கணக்கு திறக்கிறது. வாடகை, துப்புரவுக் கட்டணம், கமிஷன், திருப்பிக் கொடுத்தது எல்லாம் நடக்க நடக்க அதில் ஏறுகின்றன. வங்கிக்குப் பணம் வந்த அன்று அந்த இடைக்கணக்கு சுழியாகிவிட வேண்டும். ஆகவில்லையென்றால் எங்கோ தவறு; எந்த முன்பதிவில் என்பதையும் குறியீடே காட்டிக்கொடுத்துவிடும். 1494-இல் வெனிஸ் நகரில் லூகா பாச்சோலி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையும், செட்டிநாட்டுப் பெட்டகங்களில் இருக்கும் பேரேடுகளின் பற்று வரவும் நிற்கும் அதே சமன்பாடுதான் இது. இயந்திரம் புதிய கணிதம் எதையும் கொண்டுவரவில்லை. நடந்த அந்தக் கணத்திலேயே எழுதிவிடுகிறது, அவ்வளவே.

நடக்கும்போதே தளத்தில் பதிவாகும் இந்தக் கணக்கை டென்மார்க் இன்னொரு படி மேலே கொண்டுபோனது. 2018 மே மாதம் அந்நாட்டு அரசும் ஏர்பிஎன்பியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதித்தார் என்பதைத் தளமே நேரடியாக வரித்துறைக்குத் தெரிவிக்கும். வீட்டுக்காரர் இதற்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? சட்டம் அதற்கொரு நல்ல காரணத்தை வைத்தது. தளம் தகவல் அனுப்பினால் முதல் 28,000 குரோனுக்கு வரி இல்லை. அனுப்பாத வழியில் வாடகைக்கு விட்டால் 11,000 குரோனுக்கு மட்டுமே விலக்கு. (பின்னாளில் இத்தொகைகள் உயர்ந்தன.) ஆண்டுக்கு 40,000 குரோன் வாடகை வாங்குகிறவருக்கு, முதல் வழியில் 12,000 குரோன்தான் விலக்கைத் தாண்டுகிறது, இரண்டாவது வழியில் 29,000. எத்தனை நாள் வாடகைக்கு விடலாம் என்பதிலும் இதே வேறுபாடு: தளம் தகவல் அனுப்பினால் 70 நாள், உள்ளாட்சி விரும்பினால் 100 வரை; இல்லாவிட்டால் 30. மிரட்டாமல் சலுகை கொடுத்துச் சாதித்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இது வேலை செய்யும் என்று நம்ப டென்மார்க்குக்கு ஆதாரம் இருந்தது. ஹென்ரிக் கிளெவன், எம்மானுவேல் சயஸ் முதலான பொருளியலாளர்கள், டேனிஷ் வரித்துறையோடு சேர்ந்து ஏறக்குறைய 40,000 பேரிடம் ஒரு சோதனை நடத்தி, முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரின் கணக்கைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். மீதிப் பேரை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். கிடைத்த விடை வியக்கவைப்பது. முதலாளியோ வங்கியோ தகவல் அனுப்பிவிட்ட வருமானத்தில் ஏய்ப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தானே எழுதிக் கொடுக்கும் வருமானத்தில் கணிசமான ஏய்ப்பு இருந்தது. நாடும் அதே, மக்களும் அவர்களே. டேனியர்கள் இயல்பாகவே நேர்மையானவர்கள் என்ற பேச்சைவிட, கணக்கை எந்தக் கை எழுதுகிறது என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தளம் அனுப்பும் தகவல் சரியான ஆளின் பெயரில் போய்ச் சேர வேண்டுமே. அதற்கு 1968 முதல் டென்மார்க்கில் சிபிஆர் என்ற தனிநபர் அடையாள எண் இருக்கிறது. பத்து இலக்கங்கள். முதல் ஆறு, பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இலக்கங்களை வரிசையாக 4, 3, 2, 7, 6, 5, 4, 3, 2, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 11-ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கம் தவறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலோ கூட்டல் உதைக்கும். சில பிறந்த நாள்களுக்கு எண்களே தீர்ந்துபோனதால் 2007 முதல் இந்த விதிக்கு உட்படாத எண்களையும் வழங்குகிறார்கள்.

2023 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதையொத்த விதி வந்துவிட்டது. வீட்டின் முகவரி, காலாண்டு வாரியாக வருமானம், பிடித்த கமிஷன், வாடகைக்கு விட்ட நாள்கள் எல்லாவற்றையும் தளங்கள் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். வாடகையைத் தொழிலாக நடத்தும் டேனிஷ் நிறுவனங்களுக்கு 2022-இன் கணக்குப்பதிவுச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கணக்கும் ரசீதும் டிஜிட்டலாக இருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் காக்கப்பட வேண்டும். ஒருவரின் வீட்டில் எத்தனை நாள் அந்நியர் தங்கினார்கள் என்பது அரசுக்குத் தெரிவது சிறிய விஷயமல்ல. அந்தத் தகவலை வரிக்கு அப்பால் பயன்படுத்தாமல் காப்பதும் அரசின் கடமை.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2020 அக்டோபர் முதல் இந்தியாவிலும் இணையத் தளங்கள், வரம்புக்கு உட்பட்ட சிறு தனிநபர்களைத் தவிர மற்ற விற்பவர்களின் மொத்தத் தொகையில் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பதிவு உங்கள் பான் எண்ணின் கீழ் 26ஏஎஸ் படிவத்தில் ஏறிவிடுகிறது. அங்கே இருப்பது கமிஷன் கழிப்பதற்கு முந்தைய தொகை. ரிட்டர்ன் போடும் முன் அதைத் திறந்து, உங்கள் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக்கு வந்த தொகையை மட்டும் வரவாக எழுதியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.